உள்ளுணர்வுக்கு எத்தனை மதிப்பெண்?

மணி அடித்தாயிற்று. வகுப்பில் செய்யப்போகும் பயிற்சிக்கு முன்பின் தெரியாத ஓர் ஆள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

வாசல் காவலரைக் கூப்பிடலாம் என்றால் பாதி மாணவர்கள் அவர் தோளில் கைபோட்டுப் பேசுகிறவர்கள். கேன்டீன்காரரோ மீதிப் பாதிக்கு மாமா. விரிவுரையாளர் நடைபாதையில் நின்று கையைப் பிசைந்தாள். ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயரே ‘டெம்பரரி’தான். டெம்பரரி சாப்பிட்டாச்சா, டெம்பரரி கிளம்பியாச்சா என்று விசாரிப்பார்கள். அதில் ஒரு சிரிப்பு வேறு.

எல்லாம் முதல்வர் இழுத்துவிட்ட வேலை. ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்தவர், கணக்குப் போட்டு முடிவெடுக்கிற காலம் மலையேறிவிட்டது, நிர்வாகம் படிக்கிற பிள்ளைகளுக்கு இனி உள்ளுணர்வும் ஒரு பாடம் என்று அறிவித்தார். நிரந்தரப் பேராசிரியர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று பார்த்து இடுப்பு வலித்தது, ரத்த அழுத்தம் ஏறியது. பாடம் டெம்பரரியின் தலையில் வந்து விழுந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் எந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரியும். பாடத்திட்டம் எதுவும் சொல்லித்தராத அந்த அறிவுக்கு யாரும் மதிப்பெண் போட்டதில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பாடம் நிலைத்தால் அவளுடைய இடமும் நிலைக்கும். நிலைக்குமா என்று பார்க்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார் என்று பேச்சு. தினமும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“என்னடி, பர்மனென்ட் ஆயிட்டியா?”

முதல்வர் அறைக்கு வெளியே பளபளக்கும் ஷூவும் நீலக் கோப்புமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் அவள் அடிவயிற்றில் சின்னதாக ஒரு முள் தைத்தது. அதைப் பொருட்படுத்த நேரமில்லை. கொஞ்ச நேரம் வகுப்புக்கு வந்து சும்மா உட்கார முடியுமா என்று கேட்டாள்.

“அதுக்குத்தானே வந்திருக்கேன்,” என்று அவர் எழுந்தே விட்டார்.

வகுப்பில் பயிற்சியை விளக்கினாள். இவர் உங்கள் நிறுவனத்தில் வேலை கேட்டு வந்திருக்கிறார். காரணம் தேடாதீர்கள், யோசிக்காதீர்கள். சேர்த்துக்கொள்ளலாம் என்று மனசு சொன்னால் கை தூக்குங்கள்.

ஒரு கைகூட எழவில்லை. எது கேட்டாலும் தூக்கக் கலக்கத்தில் கை தூக்கும் கடைசி பெஞ்சுக்காரன்கூடக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

அந்த மனிதரின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறீர்கள் என்று விசாரித்தார். வினாத்தாள் யார் தயாரிப்பது, உங்கள் அறை எது, அங்கே ஃபேன் ஓடுமா, நாற்காலி ஆடுமா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஆடும் என்று ஒப்புக்கொண்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஆய்வாளரைத்தான் கூட்டிவந்து நடுவகுப்பில் நிற்கவைத்து வேண்டாம் என்று சொல்லவைத்திருக்கிறாள்.

இது பயிற்சியின் முதல் பாதிதான் என்று சமாளித்தாள். இரண்டாம் பாதியில் நன்றாக யோசித்து, காரணத்தோடு கை தூக்க வேண்டும்.

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “யோசிக்காதீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

“இப்ப யோசிங்கன்னும் நான்தான் சொல்றேன். உட்காரு.”

சொல்லும் விதத்தில் சொன்னால் புரியாத பிள்ளைகளா? காரணம் கண்டுபிடிப்பதற்கென்றே படிக்கிறவர்கள். ஷூவின் பளபளப்பில் ஒழுக்கம் தெரிகிறது என்றான் ஒருவன். நிதானமான பேச்சில் முதிர்ச்சி தெரிகிறதாம். வழுக்கையில் தலைமைப் பண்பைக் கண்டவனும் உண்டு. எல்லாக் கைகளும் எழுந்தன. கடைசி பெஞ்சுக்காரன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். குளிர்ந்த மனசு குளிர்ந்தபடியே இருக்கட்டும் என்று, பிள்ளைகளிடம் நீங்களும் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றாள். அவர் சாக்பீஸைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மிச்ச நேரம் முழுவதும் கரும்பலகையை நிரப்பினார். வகுப்பு கொட்டாவி விட்டது. அவள் கண்ணாலேயே அதட்டிக் கைதட்ட வைத்தாள்.

கைதட்டல் கேட்டு முதல்வரே வாசலில் வந்து நின்றார். அவருக்கு வியப்பு. வந்திருக்கிற சார் எப்படி என்று அவளைத் தனியாக அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இவர் மாதிரி ஒருத்தர் நம்ம காலேஜுக்குக் கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும் சார். பசங்களையே கேளுங்க.”

“நீங்களா இதைச் சொல்றீங்க?”

“மனசாரச் சொல்றேன் சார்.”

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்தப் பெருந்தன்மை யாருக்கும்மா வரும்?” என்று சொல்லிவிட்டு, அந்த மனிதரைத் தம் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

வேலை முடிந்த கையோடு அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு நல்ல சேதி வரும் போலிருக்கிறது என்றாள். நீண்ட நாளுக்குப் பிறகு அம்மாவின் குரலில் சிரிப்பு கேட்டது. பேசி முடிக்கும்போது அலுவலக உதவியாளர் அக்கா, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத சுழல் நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

“பாத்தீங்களாக்கா? எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஆய்வாளர் வந்து ஒரு வார்த்தை கேட்டதும் நாற்காலி வந்துடுச்சு.”

அக்கா உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடியே நின்றார்.

“ஆய்வாளர் எங்க மேடம் வந்தாரு, அவரு உங்க பாடத்துக்கு நேத்தே போன்ல சரின்னுட்டாரு, இவரு உங்க இடத்துக்கு இன்டர்வியூன்னு பேருக்குக் கூப்பிட்ட ஆளு, நீங்களே மனசாரச் சொன்னீங்கன்னு பிரின்சிபால் சார் உங்களுக்கு டைப் பண்ணி வெச்ச பர்மனென்ட் ஆர்டர்ல பேரை மட்டும் இவரு பேரா மாத்தச் சொல்லிட்டாரு.”