காணாது மாஸ்டர் நடத்திய பரிசளிப்பு

யுத்த காலத்தில் மட்டக்களப்பில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வந்த தட்டுப்பாடு எல்லாருக்கும் தெரியும். பாராட்டுக்கும் கடும் தட்டுப்பாடு இருந்தது. அதற்கு முழுக் காரணம் காணாது மாஸ்டர்.

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு அவர்தான் பயிற்றுநர். எவ்வளவு அழகாகப் பந்தைப் போட்டாலும், "காணாது" என்பார்; போதாது என்று அர்த்தம். இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் அதே சொல். ஒரு கலியாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டபோதும் அதையே சொன்னார். உப்பைத்தான் சொன்னார், அவர்கள் சோற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்.

ஒவ்வொரு பருவ முடிவிலும் சிறந்த வீரர்களைக் கௌரவிக்க விழா நடக்கும். புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் கிண்ணங்கள் மேசையில் மின்னும். மாஸ்டர் எழும்பி, "இந்த வருசம் தகுதியான ஆள் ஒருத்தரும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிடுவார். கிண்ணங்கள் திரும்பவும் அலுமாரிக்குள் போகும். எங்கள் அணியில் சென்டராக ஆடிய ரவீந்திரனின் அப்பா, மகன் பரிசு வாங்குவான் என்று நம்பிச் சித்தாண்டியிலிருந்து ஒரு சட்டி தயிரோடு வந்தார். மாஸ்டர் தயிரைச் சாப்பிட்டார். கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.

அடுத்த பருவத்தில் நாங்கள் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. இராணுவம் பாதையைப் பூட்டிய நாட்களில் எதிரணிகள் வாவியில் தோணியேறி வந்து தோற்றுவிட்டுப் போயின. அதிபர் பொறுமை இழந்தார்.

"மாஸ்டர், இந்த முறையும் கிண்ணம் அலுமாரிக்குள்ள வந்தா, உங்களையும் உள்ளுக்கு வெச்சுப் பூட்டுவன்."

"யோசிப்பம்" என்றார் மாஸ்டர்.

விழா நாள் காலையில் நாவற்குடாவில் இராணுவச் சுற்றிவளைப்பு. அணியில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். விழாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்ற எங்களை அப்படியே லொறியில் ஏற்றி, முகாம் வாசலுக்குள் வெயிலில் இருத்தினார்கள். எங்களோடு காத்தான்குடியிலிருந்து சாறன் துணி விற்க வந்த முஸ்லிம் நானா ஒருவரும், தோளில் வலையோடு ஒரு மீன்காரரும் அகப்பட்டிருந்தார்கள். மத்தியானம் போயிற்று. இருட்டுவதற்குள் வெளியே வராதவர்களைப் பற்றி ஊரில் மெல்லிய குரலில்தான் பேசுவார்கள். நாங்கள் வெயில் சரிவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விழா தொடங்கவேண்டிய நேரத்துக்கு வாசலில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

"சிறந்த சென்டர் வீரர், ரவீந்திரன்! மேடைக்கு வரவும்!"

எட்டிப் பார்த்தோம். கோட்டும் டையுமாகக் காணாது மாஸ்டர். காவலரணின் மண்மூட்டை மேல் கிண்ணங்களை வரிசையாக அடுக்கியிருந்தார். பின்னால் எங்கள் தாய் தகப்பன்மார். காவலுக்கு நின்ற சிப்பாய் எதைச் சுடுவதென்று தெரியாமல் முழித்தான்.

அதிகாரி வெளியே வந்து, தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார்.

"என்ன இது?"

"பரிசளிப்பு, சேர். பரிசு வாங்கிற பிள்ளையள் உங்கட்ட உள்ளுக்கு இரிக்காங்க. மண்டபத்தில வெறுங் கதிரைக்கா குடுக்கிற?"

"பிரதம விருந்தினர் யாரு?"

"வாறன் எண்ட ஆள் வரல்ல. பாதை பூட்டு. நீங்கதான்."

அதிகாரி கிண்ணமொன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் ஸ்கூல்ல விளையாடினது" என்றார். உள்ளே திரும்பி, வெளியே விடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"இவனை மாதிரி ஒரு சென்டர் இலங்கையிலேயே இல்ல!" என்று மாஸ்டர் முழங்க, அதுவரை பயத்தில் நடுங்காத ரவீந்திரன் அதைக் கேட்டு நடுங்கினான். ஒவ்வொருவராக வெளியே போனோம். பருவம் முழுவதும் ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருந்த எனக்கு, "இருந்த இடத்தில் இருந்தே எதிரணியைக் கலங்கடித்த வீரர்" என்று பட்டம் கிடைத்தது. கிண்ணங்கள் முடிந்தன.

மாஸ்டர் உள்ளே பார்த்தார். நானாவும் மீன்காரரும் மட்டும் இருந்தார்கள். ஒலிபெருக்கி மறுபடி உயர்ந்தது.

"சிறந்த ரசிகர், சாறன் யாவாரி நானா!"

நானா எழும்பவில்லை. "நான் அந்தப் பந்தைக் கண்ணாலயும் கண்டதில்லயே, அல்லாஹ்!" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது.

"இவரும் டீமா?" என்றார் அதிகாரி.

"இவர் கை தட்டாட்டி நாங்க வெண்டிருக்கமாட்டம், சேர்."

நானாவுக்குப் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் கிடைத்தது.

"எங்கட றிங்குக்கு வலை கட்டித் தந்தவர்!"

மீன்காரருக்கு, மாஸ்டர் தன் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தார். அதிகாரி இருவருக்கும் கைகொடுத்தார். அவர் நம்பித்தான் கொடுத்தாரா, விடும் கட்டளை ஏற்கெனவே வந்திருந்ததா என்று பிறகு ஊரில் பல கதை. எனக்குத் தெரியாது.

முகாம் பார்வையிலிருந்து மறைந்ததும் மாஸ்டர் வாவிக்கரைப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார். கோட்டு தொப்பலாக நனைந்திருந்தது. நானா ஒரு புதுச் சாறனை விரித்து விசிறினார்.

"எல்லாரும் வந்திட்டியளா, மனே?" என்றார் மாஸ்டர். "ஒருக்கா எண்ணிப் பாருங்க."

எண்ணினோம். அவரையும் சேர்த்துத்தான் எண்ணினோம்.