வீடு விற்கத் தயாராகிவிட்டது, மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதினால் பொய்யாகும். அங்கு அனைவரும் நலமாகத்தான் இருப்பீர்கள், நான் அங்கே இல்லையே.

உங்கள் தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. "இந்த வீட்ட வித்துட்டு என்னைக் கூப்பிட வாங்க, அதுவரைக்கும் வராதீங்க" என்று அவள் வாசலில் நின்று சொன்னது எதிர்வீட்டுக்காரருக்கே மனப்பாடம். சொன்னபடி ஒரு தரகரைப் பிடித்தேன். அவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிவந்து, "பெரிசா ஒண்ணும் வேணாம் சார். குழாய், கதவு, சமையலறை லைட்டு, கொஞ்சம் பெயிண்ட். எல்லாம் சில்லறை வேலைதான். பாக்கறவங்க மனசு மாறிடும்" என்றார்.

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் எதற்கு என்று நானே இறங்கினேன். திருகியதும் குழாயின் தலை கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரையில் அடித்து, என் தலையில் விழுந்து, ஹாலுக்குப் போய், பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரத்தைத் தேடிப்பிடித்து நனைத்தது. விற்க வேண்டிய வீட்டின் பத்திரத்தைப் பனியனுக்குப் பக்கத்தில் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிளம்பர் வந்தார், பத்தே நிமிஷத்தில் முடித்தார். "எத்தனை நாளா ஒழுகுது?" என்றார். "பதினோரு வருஷம்." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வீட்ல யாரும் ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டார். நான் வாளியை நகர்த்தப் போவதுபோல் அந்தப்பக்கம் போய்விட்டேன்.

பிறகு ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்தேன். அது மாப்பிள்ளை மாதிரி நிற்க, மற்ற மூன்றும் ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி தெரிந்தன. அவற்றுக்கும் அடித்தேன். உடனே வாசல் கதவு அழுக்காகத் தெரிந்தது. அதற்கும் அடித்து, காய்வதற்குள் சாத்திவிட்டேன். காலையில் திறக்கவில்லை. கம்பியில்லாத பக்கத்துச் சன்னல் வழியாக இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் "யார்றா அது?" என்று கம்போடு ஓடிவந்தவர், என்னைப் பார்த்ததும் கம்பை இறக்கி, "நீங்களும் கிளம்பிட்டீங்களா சார்?" என்றார்.

கடைசியாகச் சமையலறை லைட்டு. புது வெளிச்சத்தில் அலமாரிக் கதவின் உட்புறம் பென்சில் எழுத்து தெரிந்தது. உங்கள் தங்கையின் கையெழுத்து. குழாய், கதவு, லைட்டு, சுவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை தடவை என்னிடம் சொன்னாள் என்பதற்குக் கோடுகள். குழாய்க்கு இடம் போதாமல் கோடுகள் கதவின் கீழ்விளிம்பு வரை இறங்கியிருந்தன. தரகர் சொன்னதும் அதுவும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒரு வரி மட்டும் அவர் சொல்லாதது: "இவர் காது, டாக்டரிடம் காட்டணும்." மச்சான், நான் சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. எல்லாம் சேர்த்து நாலே நாள் வேலை. அதையும் முன்பின் தெரியாதவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றுதான் செய்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். முடித்துவிட்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் தங்கைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்களே பொருத்தமாக ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை தங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. வந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி. வீடு பிடித்துவிட்டது. அந்தம்மா சுற்றிப் பார்த்து, "மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வெச்சா நல்லாருக்கும்ங்க" என்றார். புருஷன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கு யாரோ என் குரலைத் திருடிப் பேசுவதுபோல் இருந்தது. வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். தரகர் இன்னும் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். உங்கள் தங்கை ஒருமுறை வந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் விற்கச் சொன்னால் விற்கிறேன். அவசரமில்லை என்று சொல்லுங்கள். இல்லை மச்சான், அவசரம் என்றே சொல்லுங்கள்.