அறுபது நாள் வாத்துப் போர்

கெட்டில் ஏரி, மினசோட்டா
ஆகஸ்ட் 14

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஓரின் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஆர்டிஸின் கணவன் வெர்லின் டோலெஃப்சன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் நலம். அயோவாவில் தாங்களும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க விரும்புகிறோம். இங்கே மக்காச்சோளம் ஆளுயரம் வந்துவிட்டது. கொசு போன வருடத்துக்குப் பரவாயில்லை. நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது நவம்பரில், நன்றி நாள் விருந்தில். அன்று வான்கோழிக் கால் தங்கள் ஸ்வெட்டர்மேல் வந்து விழுந்தது என் கை வழுக்கியதால்தான் என்பதை இங்கே மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஓர் உதவி கேட்கத்தான் இக்கடிதம். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எதைப் பற்றிச் சண்டை போட்டோமோ, அதாவது அதிபர் ஒரு போரை நடத்தும்போது காங்கிரஸ் சபை குறுக்கே வந்து கேள்வி கேட்கலாமா என்பதில், என் கருத்து மாறவில்லை. படைக்குத் தலைவன் ஒருத்தன்தான். ஐநூற்று முப்பத்தைந்து பேரை உட்கார வைத்து ஓட்டெடுத்துக்கொண்டு போர் நடத்த முடியாது. இது நிற்க.

இப்போது வாத்து விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் ஏரிச் சங்கத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு யாரும் நிற்கவில்லை, அது இருக்கட்டும். ஜூன் முதல் வாரம் இருநூறு காட்டு வாத்துகள் கரையேறி, நீந்துகிற இடம், படகுத்துறை, என் புல்வெளி எல்லாவற்றையும் அசிங்கப்படுத்திவிட்டன. தலைவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? சோளத்தோட்டம் வைத்திருக்கிற என் சித்தப்பா மகனிடமிருந்து பறவை விரட்டுகிற காஸ் பீரங்கியை இரவல் வாங்கி வந்தேன். "மூணே நாள்மா, வேலை முடிஞ்சிரும்"னு ஆர்டிஸ்கிட்ட சொன்னேன். அவ என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "ஏங்க, பதினோராவது விதி இருக்கே?"ன்னா. தாங்கள் இங்கே சங்கச் செயலாளராக இருந்தபோது நாட்டின் போர் அதிகாரச் சட்டத்தைப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனீர்களே, அதேதான்: தலைவர் ஏரியில் எந்தப் போராட்டத்தைத் தொடங்கினாலும் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும், அறுபது நாளுக்குள் அவர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ளாவிட்டால் நிறுத்த வேண்டும். நான் சொன்னேன்: "இது போராட்டம் இல்லடி, வெறும் சத்தம். சத்தத்துக்கு விதி கிடையாது."

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு பீரங்கி வெடித்தது. வாத்து ஒன்றுகூட எழும்பவில்லை, கெட்டில் ஏரி முழுசும் எழும்பிவிட்டது. இரண்டாம் நாள் பிளாஸ்டிக் ஓநாய் நாலு வாங்கி நட்டு வெச்சேன், ஒரு வாத்து அதுமேலயே ஏறி உக்காந்து இறகு கோதுது. அப்புறம் எதிர்வீட்டு டுவேனோட நாயைக் கூட்டிட்டு வந்தேன், அதை வாத்துங்க துரத்தி, அது பயந்துபோய் அவன் படகுல குதிச்சு, கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து, நாயும் படகுமா ஏரி நடுவுல மிதந்துக்கிட்டு இருக்கு, நான் துடுப்போட பின்னாடி போறேன், அதே நேரத்துல வடகரையில பாதிரியார் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார், "பரிசுத்த ஆவியின்..."னு அவர் சொல்றப்போ என் பீரங்கி மறுபடி வெடிச்சு, குழந்தையோட தாத்தா தண்ணிக்குள்ள உக்காந்துட்டார். வாத்துங்க பொடிநடையா டுவேனோட புல்வெளிக்குப் போச்சு. நானும் பீரங்கியை அவன் எல்லைக்கு நகர்த்தினேன். "வெர்லின், இது என் இடம்யா!"ன்னான். "எதிரி எங்க போறானோ அங்கதான் நானும் வரணும்"னேன். "யாரைக் கேட்டு வர்றே?"ன்னான். யாரையும் கேக்கலையே, அதனால பீரங்கியை இன்னும் ரெண்டடி முன்னாடி தள்ளினேன். மூணு நாள் மூணு வாரமாச்சு, அப்புறம் ஆறு வாரமாச்சு.

இதுக்கு நடுவுலதான், ஜூலை முதல் வாரத்துல, நிஜப் போர் வந்துச்சு. நம்ம பொண்ணு பிரிட்டா வேலை பாக்கிற கடற்படைக் கப்பலை, சண்டை நடக்கிற அந்தக் கடலுக்கு அனுப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ராத்திரி செய்தியில அதிபர் சொன்னார்: சில நாள்தான், இது போர் இல்லை, ஒரு நடவடிக்கை, அதனால சபையைக் கேக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். ஆர்டிஸ் டிவியைப் பாக்கல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் தட்டை நகர்த்தி வெச்சுட்டேன். பிரிட்டாகிட்டேர்ந்து வாரம் ஒரு மெயில் வந்துட்டிருந்தது, அப்புறம் பத்து நாளைக்கு ஒண்ணு. "அப்பா, நல்லா இருக்கேன். எப்போ திரும்புவோம்னு இங்க யாருக்கும் தெரியல. வாத்து போச்சா?"ன்னு கேட்டிருந்தா.

அறுபதாவது நாள் சர்ச்சோட கீழ்த்தளத்துல கூட்டம். நான் கூட்டல, டுவேன் கையெழுத்து வாங்கிக் கூட்டினான். காபி, லெமன் பார்ங்கிற எலுமிச்சைப் பலகாரம், எழுபது பேர். நான் எழுந்து நீங்க கேட்டுச் சலிச்ச அதே பேச்சைப் பேசினேன்: நடுப்போருல தலைவனோட கையைக் கட்டாதீங்க, ஆளாளுக்குக் கேள்வி கேட்டா வாத்து சிரிக்கும். அப்போ பின்வரிசையிலேர்ந்து நம்ம உயிரியல் டீச்சர் மிஸஸ் ஹாகன் கையைத் தூக்கினாங்க. எண்பத்தொரு வயசு. உங்களையும் என்னையும் பெஞ்சுமேல நிக்க வெச்ச அதே டீச்சர்.

"ஏம்ப்பா வெர்லின், நீ எப்போ ஆரம்பிச்சே?"

"ஜூன்ல, டீச்சர்."

"ஜூன்ல வாத்துக்கு இறகு உதிரும். அஞ்சாறு வாரம் அதால பறக்கவே முடியாது. போன்னா அது எப்படிப் போகும்? இத்தனை நாளா சத்தம் போட்டு, இப்போ பழகியும் போச்சு. இனிமே பறக்க வந்தாலும் உன்னை மதிக்காது."

"இதை நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

"நீ கேக்கலையேப்பா. ஒரு கடுதாசி போட்டிருந்தா அன்னிக்கே வந்து சொல்லியிருப்பேன்ல?"

கூட்டமே சிரிச்சுது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன் மச்சான், அழுகை வந்துருச்சு. எல்லாருக்கும் முன்னாடி, கையில லெமன் பாரோட. திடீர்னு பிரிட்டா ஞாபகம். அங்கயும் ஒரு ஹாகன் டீச்சர் எங்கயாவது இருப்பாங்கல்ல? அந்தக் கடலைப் பத்தி, அந்த மாசத்தைப் பத்தி, அங்கிருக்கிற ஜனங்களைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச யாராவது பின்வரிசையில உக்காந்து, யாராவது கேப்பாங்களான்னு காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல? என் பொண்ணை அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களை யாராவது கேட்டாங்களா? பறக்க முடியாத வாத்தை நான் அஞ்சாறு வாரம் விரட்டினேன், நஷ்டம் ஒரு படகுக் கயிறும் ஒரு தாத்தாவோட மானமும்தான். அங்க அப்படி இல்லையே.

மூக்கைத் துடைச்சுக்கிட்டு, போரை நிறுத்தணும்னு நானே தீர்மானம் கொண்டுவந்தேன். டுவேன் வழிமொழிஞ்சான். எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை. அப்புறம் மிஸஸ் ஹாகன், என் அழுகை பிரிட்டாவுக்காகன்னு புரிஞ்சுக்கிட்டு, "எல்லாரும் செல்போனை எடுங்க"ன்னாங்க, பரீட்சைக்குப் பேப்பரை எடுக்கச் சொல்ற அதே குரல்ல. நம்ம தொகுதி காங்கிரஸ் உறுப்பினரோட ஆபீஸ் நம்பரைப் பதிஞ்சுக்கிட்டு, மறுநாள் காலைல எழுபது பேரும் போன் பண்ணினோம். "அனுமதி கொடுக்கிறதோ மறுக்கிறதோ, எழுந்து நின்னு ஓட்டுப் போடச் சொல்லுங்க"ன்னு ஒரே வாசகம். எழுபத்தோராவதா ஒரு போன் போச்சாம், அது யாருன்னு விசாரிச்சா, தண்ணிக்குள்ள உக்காந்த தாத்தா. மக்கள் சபைக்காரங்களை லீவுலேர்ந்து திரும்பக் கூப்பிட்டாங்க. அனுமதி இல்லாம போரைத் தொடரக் கூடாதுங்கிற தீர்மானம் ரெண்டே ரெண்டு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சது. நம்ம ஆளும் அந்தப் பக்கம்தான் போட்டார். எங்களாலதான்னு நான் சொல்லல, ஆனா ஆர்டிஸ் அன்னிக்கு ரெண்டு ஆப்பிள் பை சுட்டா.

வாத்துங்களைப் பத்திக் கேட்டா, பீரங்கியைத் திருப்பிக் கொடுத்த நாலாம் நாள் தானா எழும்பி, அறுவடையான வயலுக்குப் பறந்துபோச்சுங்க. நான் கரையில நின்னு பாத்தேன். அழகாத்தான் இருந்துச்சு.

ஆக, நான் கேட்க வந்த உதவி இதுதான். வரும் செவ்வாய்க்கிழமை செனட்டில் ஓட்டு. தங்கள் ஊர் செனட்டர் "இன்னும் யோசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தாங்கள் ஒரே ஒரு முறை அவருக்குப் போன் செய்ய வேண்டும். நமக்குள் ஆயிரம் இருக்கலாம், பிரிட்டா தங்கள் கையில் வளர்ந்த பிள்ளை. இதனால் நன்றி நாளன்று தாங்கள் சொன்னது சரி என்று ஆகிவிடாது. என் கருத்து மாறவில்லை என்பதை மீண்டும் வலியுறுத்துகிறேன்.

தங்கள் முழங்காலுக்கு வலி குறையவும், தக்காளிக்கு நல்ல வெயில் கிடைக்கவும், வீட்டிலிருப்பவர் எல்லாரும் மனநிறைவோடு இருக்கவும் வேண்டுகிறேன். 

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
வெர்லின் டோலெஃப்சன்
தலைவர், கெட்டில் ஏரிச் சங்கம்

பி.கு.: கவரை ஒட்டப் போறப்போ ஆர்டிஸ் பாத்துட்டா. "யாருக்குங்க?"ன்னா. சொன்னேன். தன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினா. செனட்டர் ஆபீஸ் வாசல், மழை, மடக்கு நாற்காலி, நாற்காலியில நீங்க, முழங்கால்ல கட்டு. கையில அட்டை: "என் மருமகள் அந்தக் கப்பல்ல இருக்கா. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்க." போர் ஆரம்பிச்ச மறுநாள்லேர்ந்து தினமும் போய் உக்காந்திருக்கீங்களாம். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லலையே மச்சான். அதனால மேல உதவி கேட்டதை அடிச்சிடுங்க. கருத்து மாறலைன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கேன், அதையும் அடிச்சிடுங்க. கை வழுக்கல, வேணும்னேதான் எறிஞ்சேன். நீங்க சொன்னதுதான் சரி. திங்கக்கிழமை சாயங்காலம் நானும் ஆர்டிஸும் அங்க வந்துருவோம். நாற்காலி தேட வேண்டாம், எங்களுதை நாங்களே கொண்டுவரோம்.