நான் பனியில் விழவில்லை

அன்பு மகளும், என் தாயின் பெயரை உனக்கு வைத்துவிட்டபடியால் எனக்கு அம்மாவுமாகிய பிபாலுக் அறிய, அப்பா யூஸ்டஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் பன்னிரண்டு நாய்களும் சௌக்கியம். கோபன்ஹேகனில் உனக்குச் சளி குறைந்ததா?

நீ பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பனி உருகுவதைப் பற்றிப் பேசுகிறாய். நல்லது. ஆனால் சொந்த அப்பாவே கடல்பனி உடைந்து விழுந்தார் என்று என்னையும் அதில் சேர்க்கப் போகிறாயாம். அது உண்மையானால் இனி நான் நாய்கள் இழுக்கும் பனிவண்டியைத் தொடவே கூடாதாம். யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். நான் விழவில்லை, இறங்கினேன்.

என் அத்தை மகன் எனோக்கின் அறுபதாவது பிறந்தநாள் காபி விருந்துக்கு, எல்லோரும் தின்ன ஒரு பெட்டி திமிங்கலத்தோலை வண்டியில் ஏற்றிக்கொண்டு, உறைந்த விரிகுடாவின் மேல் போனேன். நாற்பது வருடமாகப் போகிற பாதை. பாதி வழியில் முன்னோடி நாய் கஜோக் உட்கார்ந்துவிட்டது. முன்னோடி உட்கார்ந்தால் இரும்புக் கோலால் பனியைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்தவனே நான்தான். ஆனால் பனி பாறையாய் இறுகியிருக்க வேண்டிய பிப்ரவரி மாதத்தில் போய்க் குத்திப் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? "என்னடா, கெழவனாயிட்டியா? நீ உக்காரு, நான் நடக்கிறேன்" என்று அதை வெட்கப்படுத்த, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன். நாலாவது அடியில் கழுத்து வரை இறங்கினேன். நாய்கள்தான் பின்வாங்கி இழுத்து என்னை மேலே போட்டன, நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் திமிங்கலத்தோல் முழுவதையும் தின்றும் முடித்தன. வெறுங்கையோடு எனோக் வீட்டுக்குள் நுழைந்தால், அவன் மனைவி பொலெத்தே, "குளிக்கணும்னு சொல்லியிருந்தா வெந்நீர் போட்டிருப்பேனே அண்ணே" என்று தன் பூப்போட்ட அங்கியை எனக்கு மாட்டிவிட்டாள். விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் உன்னிடம் வந்திருக்கிறது. அங்கி எனக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"படகுக்கு மாறிடுடா, கௌரவம் பாக்காத" என்று எனோக் ஆறு கோப்பை காபி முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். நாய் இல்லாத வீட்டில் காலையில் எழுந்து நான் யாரைத் திட்டுவது?

ஆகையால் பள்ளிக்கூடத்தில் என் பெயர் வேண்டாம். மார்ச்சில் நீ ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும்போது, எப்போதும்போல் கஜோக்கை முன்னால் பூட்டி வண்டியோடு நிற்பேன். ஆண்டவர் உன்னைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பாவும், பெயர் வழியில் உன் பிள்ளையுமான
யூஸ்டஸ்

பி.கு.: நாய்கள் பன்னிரண்டு இல்லை, பதினொன்று. என்னை இழுத்துப் போட்ட பிறகு கஜோக்கின் காலடியிலும் பனி உடைந்தது. மற்றவற்றையும் அது உள்ளே இழுக்கத் தொடங்கியதால் அதன் வாரை நான்தான் அறுத்தேன். ஒன்பது வருடம் அதன் பேச்சைக் கேட்டேன், ஒருநாள் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல். என் பெயரையும் சொல், அதன் பெயரையும் சொல். மார்ச்சில் எனோக்கின் படகில் வருகிறேன். திட்டுவதானால் அப்போது நேரில் திட்டு, அம்மா.