கைராசிக்காரர்

சாதியை ஒழித்த முதல் அலுவலகம் எது என்று நாளைய வரலாறு தேடி அலைய வேண்டியதில்லை. மாடிப்படி ஏறியதும் இடது பக்கம், கண்ணாடிக் கதவு. அதில் 'இங்கே அனைவரும் சமம்' என்று பொன்னிற எழுத்தில் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழேயே 'தள்ளவும்' என்றும் ஒட்டியிருக்கும்.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு புதிய கணக்கர் முதல் நாள் உள்ளே வந்தபோது, மேலாளர் எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாங்க தம்பி. இங்க சாதி கீதி எதுவும் பாக்கறதில்ல. அத முதல்லயே சொல்லிடறேன்."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"அப்பறம்... நீங்க என்ன ஆளுங்க?"

கணக்கர் விழித்தார். "பாக்கறதில்லன்னு சொன்னீங்களே சார்?"

"அதுக்குத்தானே கேக்கறேன்! எதப் பாக்கக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே பாக்காம இருக்க முடியும்?"

நியாயமான கேள்வி. கணக்கர் ஒளித்துப் பேசுகிற ஆள் இல்லை, சொன்னார். குலுக்குவதற்காக நீண்ட மேலாளரின் கை பாதி வழியில் மனம் மாறி, மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டது. புன்னகை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரிய மனிதர்கள் கொடுத்த புன்னகையைச் சட்டென்று திரும்பப் பெறுவதில்லை.

அன்று கணக்கர் கூடத்தில் ஒரு காலாடும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மறுநாள் அந்த இடத்தில் புத்தம் புது நாற்காலி இருந்தது. அவருடைய மேசையோ வெளியே நடைவழியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "உங்களுக்கு அங்க நல்லா காத்து வரும் தம்பி" என்றார் மேலாளர். காற்று வந்தது உண்மைதான். இயந்திரத்தின் முதுகிலிருந்து, சூடாக வந்தது.

அவர் தண்ணீர் பிடித்த குழாய் மாறியது. அவர் திறந்த அலமாரியின் கைப்பிடி மாறியது. எல்லாவற்றுக்கும் மேலாளர் வைத்த பெயர் 'சுகாதாரப் பராமரிப்பு'. சாஸ்திரத்தில் வேலையில்லாமல் கிடந்த தீட்டு, பெயரை மாற்றிக்கொண்டு உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது.

கணக்கருக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. நாலு பேரோடு நாலு பேராகக் கூடத்துக்குள் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. வீட்டில் மனைவி தினமும் கேட்பாள்: "இன்னைக்காவது உள்ள போட்டாங்களா?" அவரும் தினமும் "நாளைக்குப் போட்டுடுவாங்க" என்பார்.

இப்படிப்பட்ட கணக்கரின் மகிமையை முதலில் கண்டுபிடித்தவர் மூத்த எழுத்தர். அவருடைய நாற்காலிக்கு முதுகு ஒடிந்து வருஷக்கணக்காகிறது. மனுப் போட்டுப் போட்டு அவருக்கும் முதுகு ஒடிந்துவிட்டது. ஒருநாள் நடைவழிக்கு வந்து குழைந்தார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. என் நாற்காலியில ஒரு நிமிஷம் உக்காந்து எந்திரிங்களேன்."

"எதுக்கு சார்?"

"சும்மாதான். மேலாளர் பாக்கற மாதிரி உக்காந்தாப் போதும்."

மறுநாள் சக்கரம் வைத்த நாற்காலி வந்து இறங்கியது. மூத்த எழுத்தர் அதில் கூடம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினார். "தொட்டது துலங்குதுய்யா! கைராசிக்காரர்!" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு கணக்கருக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. தட்டச்சு அக்கா, "என் கீபோர்டுல பாதி எழுத்து விழவே மாட்டேங்குது கண்ணு, ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயேன்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்தாள். கையைப் பிடிக்கத்தான் இல்லை. மின்விசிறி எட்டாமல் போகவே, அவரை முக்காலிமேல் ஏற்றிவிட்டு இறக்கையைத் தொடவைத்தார்கள். விசிறியும் மாறியது, முக்காலியும் மாறியது. கழித்துப் போட்ட பழைய சாமான்களெல்லாம் நடைவழிக்கு வந்து அவரைச் சுற்றிச் சுவர்போல நின்றன.

கணக்கரும் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் போனார். இவ்வளவு பிரியமாகக் கூப்பிடுகிறவர்கள் ஒருநாள் பக்கத்தில் இடம் போட மாட்டார்களா என்று நம்பினார்.

கூடம் கல்யாணப்பெண் மாதிரி மின்னியது. தலைமை அலுவலகம் அதற்கு 'முன்மாதிரிச் சமத்துவ அலுவலகம்' என்று கேடயம் அறிவித்தது. இயக்குநர் அம்மாளே நேரில் வந்து கொடுப்பதாக ஏற்பாடு. விழாவுக்கு முதல் நாள், கணக்கர் தயங்கித் தயங்கி அக்காவிடம் போனார்.

"அக்கா, உங்க பக்கத்துல ஒரு இடம் காலியாத்தானே இருக்கு. நான் வந்து உக்காந்துக்கட்டுமா?"

அக்காவின் முகம் சுருங்கியது. "வரலாம் தம்பி, யாரு வேணாம்னா? ஆனா இப்பத்தானே எல்லாம் புதுசா வந்திருக்கு. நீ உள்ள வந்தா மறுபடி எல்லாத்தையும் மாத்தணுமேப்பா!"

அக்கா கெட்டவள் இல்லை. அவருக்குத் தலைவலி என்றால் மாத்திரை தேடித் தருகிறவள்தான், மேசை விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பேச்சு அப்படிச் சுட்டது. மேலாளரிடம் வராத கோபம் கணக்கருக்கு அப்போது வந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் அவர் வந்துவிட்டார். மற்றவர்கள் கதவைத் தள்ளியபோது, கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். மேலாளரின் நாற்காலியிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்திருந்தார்.

"தம்பி! என்ன காரியம் பண்றீங்க?" என்று மேலாளர் அலறினார்.

"விழா நாளாச்சே சார். எல்லாத்துலயும் ஒரு தடவ கைராசியா உக்காந்து எந்திரிச்சேன்." சொல்லிவிட்டு அக்காவுக்குப் பக்கத்து இடத்தில் போய்ச் சாவதானமாக அமர்ந்தார்.

புதிது வாங்கலாமென்றால் அந்த வருஷத்துப் பணம் தீர்ந்துவிட்டது. நடைவழியில் கிடக்கும் பழையதில் உட்காரலாமென்றால், அது அவர் தொட்டதால்தானே அங்கே கிடக்கிறது! ஆகவே அலுவலகமே நின்றது.

இயக்குநர் அம்மாள் உள்ளே வந்து நெகிழ்ந்துபோனார். "எனக்காகவா எல்லாரும் நிக்கறீங்க? உக்காருங்க, உக்காருங்க."

யாரும் உட்காரவில்லை. அம்மாள் சமத்துவத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். ஊழியர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று கேட்டார்கள். பேச்சு முடிந்த பிறகும் நின்றார்கள்.

"ஏன் இன்னும் நிக்கறீங்க?"

"பழகிப்போச்சு மேடம்" என்றார் மேலாளர்.

"அவர் மட்டும் உக்காந்திருக்காரே?"

மேலாளருக்கு வியர்த்தது. காரணத்தைச் சொன்னால் கேடயம் போகும். சொல்லாவிட்டால் கால் போகும்.

"சொல்லுங்க சார்" என்றார் கணக்கர் அமைதியாக. "நானும் தெரிஞ்சுக்கறேன்."

"அம்மாடி, என் முட்டி!" என்று முதலில் அக்கா உட்கார்ந்தாள். பிறகு மூத்த எழுத்தர். பிறகு ஒவ்வொருவராக. கடைசியில் மேலாளர், நாற்காலியின் நுனியில், முள்மேல் உட்காருவதுபோல உட்கார்ந்தார். கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அதில் கணக்கர் கூடத்துக்கு உள்ளே, அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். படம் தலைமை அலுவலகச் சுவரில் ஏறிவிட்டதால், அவரை இனி நடைவழிக்கு அனுப்ப முடியாது.

வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: அந்த அலுவலகத்தில் சாதியை ஒழித்தது சட்டம் அல்ல, கால்வலி.

மறுநாள் காலை கணக்கர் தன் இடத்துக்கு வந்து பையை மாட்டினார். கூடத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டு ஒன்று விரிந்திருந்தது. "வேர்வைக்குத் தம்பி" என்றார் மூத்த எழுத்தர், கேட்காமலேயே. மின்விசிறி தலைக்குமேல் ஜில்லென்று சுற்றியது. அக்காவின் துண்டில் பூப் போட்டிருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கணக்கர் நேராக மேலாளர் அறைக்குப் போனார். இருப்பதிலேயே பெரிய துண்டு அங்கேதான் இருந்தது.

"கோணலா இருக்கு சார், கொஞ்சம் எந்திரிங்க" என்று அதை எடுத்து உதறி, இரண்டு கையாலும் நன்றாக நீவி விரித்தார். பிறகு கூடத்துக்கு வந்தார். "அக்கா, உங்களுதும் குடுங்க."

ஒரு துண்டையும் விடவில்லை. அந்த அலுவலகத்தில் மாறக்கூடிய பொருளையெல்லாம் அவர் கைராசி மாற்றிவிட்டது. மாற வேண்டியது மட்டும் ஒவ்வொரு துண்டின் மேலும் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.