கரந்தை மணக்க வேண்டிய வாசல்

செடி வளர்க்கத் தெரியாதவர்களில் இரண்டு வகை உண்டு. தெரியாது என்று சும்மா இருப்பவர்கள் ஒரு வகை. நான் இன்னொரு வகை.

ஐம்பதுகளின் கடைசி. சேலத்தில் எங்கள் வீட்டில் தங்கை சரசுவுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு இடம் தட்டிப்போனதில் அம்மா பாதியாக இளைத்துவிட்டாள். மூன்றாவதாக நாமக்கல் பக்கம் நல்ல இடம் ஒன்று வந்தது. பேசப் போன என்னிடம் பையனின் அப்பா, "எங்க மேய்ச்சக் காட்டுல கரந்தை பூத்துதுன்னா ஊடு வாசலெல்லாம் மணக்குமுங்க" என்றார். அவ்வளவுதான். பெண் பார்க்க அவர்கள் வரும்போது எங்கள் வாசலும் அப்படி மணக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.)

அந்த ஊதாப் பூ மேய்ச்சல் காட்டில்தான் வருமாம். சரி, காட்டையே கொண்டுவந்துவிடலாம் என்று, அங்கிருந்து மண்ணும் ஆட்டுப்பட்டி எருவுமாக ஒரு வண்டி இறக்கி வாசல் முழுக்கப் பரப்பினேன். மழையும் கைகொடுத்தது. பச்சைப்பசேலென்று என்னவோ முளைத்துத் தரையோடு படர்ந்து, மஞ்சளாகப் பூத்தது.

"ஏன்டா, இது நெருஞ்சியாட்டமில்ல இருக்குது?" என்றாள் அம்மா.

"மொதல்ல மஞ்சளாத்தான் பூக்கும். பொறவு ஊதாவாகும்" என்றேன். (இந்தத் தாவரவியலை அந்த நிமிஷம் நானே கண்டுபிடித்தேன்.)

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் அம்மா பொறுமையிழந்து எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். செடி போனது, உதிர்ந்த முள் மண்ணிலேயே கிடந்தது. மறுநாள் அதன்மேல் சாணி தெளித்துக் கோலமும் போட்டாயிற்று. "செருப்ப வெளியவே உட்டுட்டு வாங்க" என்று வந்தவர்களிடம் மரியாதையாகச் சொன்னதும் நான்தான்.

நாலடி வைத்ததும் கூட்டம் நின்றது. பையனின் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அவரைப் பிடிக்கப் போன பையன் இரண்டு காலிலும் வாங்கிக்கொண்டார். பையனின் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருக்கக் கூடாது.

என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது இடமும் என்னால் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே அலங்காரத்தோடு காத்திருக்க வேண்டிய சரசு, யாரும் கூப்பிடாமலே ஊக்கும் கையுமாக ஓடிவந்தாள். பையனின் அம்மாவுடைய காலைத் தன் பட்டுப்புடவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முள் எடுக்க ஆரம்பித்தாள்.

"வலிக்குதுங்களா அத்தை?"

அத்தை என்றதை அவள் கவனிக்கவில்லை. அந்த அம்மா கவனித்துவிட்டார்.

"வலிக்கல சாமி. நீ எடு" என்றார்.

தை மாதம் கல்யாணம்.

மாப்பிள்ளை இன்றுவரை எங்கள் வீட்டுக் கூடம் வரை செருப்போடுதான் வருகிறார். என் மனைவி முறைத்தால், "மச்சான் செடி வெக்கறத உட்டுட்டாருன்னா கழட்டிர்றனுங்க" என்கிறார்.

நான் இன்னும் விடவில்லை.