அக்காவின் அடுப்புச் சூடு போகும் திசை

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். நீயும் அத்தானும் பேச்சுவார்த்தை இருக்கும் அளவுக்காவது நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "அடுப்புல பால்" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதி, படமும் சேர்த்து, ஆபீஸ் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை கொத்தனார் சுவரை உடைக்க வருமுன் படித்துவிடு.

"இன்னொரு கோடைய இந்த அடுப்படியில தள்ள என்னால ஆகாதுடா, சூடு வெளிய போக எங்க ஓட்டை போடணும்னு உன் கம்ப்யூட்டரக் கேட்டுச் சொல்லு" என்றாய். "இதுக்குமா கம்ப்யூட்டர்? கூரையோரமா ஒண்ணு போட்டா போச்சு" என்று பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது. கூரையோரம் தவிர வேறெங்கு வேண்டுமானாலும் போடலாம் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கணக்கு ரொம்ப ருசியானது அக்கா. அடுப்படிக் காற்றைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும்; அந்த வெட்டுக்கு எங்கள் தொழிலில் வலை என்று பெயர். ஒவ்வொரு துண்டும் தன் சூட்டை ஒட்டியிருக்கிற துண்டிடம் மட்டும் சொல்லும், அது அடுத்ததிடம் சொல்லும். நம் குடும்பத்தில் செய்தி பரவுகிற அதே வழிதான். அடுப்பருகே பொடித் துண்டு, ஒன்றுமே நடக்காத மூலையில், அதாவது அத்தான் நாற்காலி போடும் இடத்தில், பெரிய துண்டு. முதலில் பெட்டி பெட்டியாக வெட்டினேன். உன் வளைந்த சமையல் மேடையின் ஓரம் மாடிப்படி மாதிரிப் பல்லைக் காட்டியது. ஆபீசில் முக்கோணத்தம்மா என்று ஒருவர் உண்டு. எதையும் முக்கோணமாக நறுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. "வளைவுல பெட்டிய ஒட்ட வச்சா இடுக்கு விழாதா சார்? தள்ளுங்க" என்று தன் புரோகிராமிலேயே வெட்டிக் கொடுத்தார். அது என் புரோகிராமுக்குப் புரியாத பாஷை. மாற்றித் தரும் கருவியில் போட்டேன், ஒரு முணுமுணுப்பு இல்லாமல் மாற்றிக் கொடுத்துவிட்டது. நம் சொந்தத்தில் யாரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை; எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விடையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். உன் வீட்டுச் சூடு மேலே போகவே இல்லையே! அடுப்பிலிருந்து கிளம்பி நேரே படுக்கையறைச் சுவரில் போய் முட்டுது. ஜன்னல் காத்து தள்ளுதா, மேடை வளைவு திருப்பி விடுதா, யோசிக்க யோசிக்க அதிசயமா இருக்கு. ஆகவே படத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தில், படுக்கையறைச் சுவரை உடைக்கச் சொல். சூடு கட்டிலுக்கு வருமே என்பாய். அத்தான் படுக்கும் பக்கம்தான், பரவாயில்லை.

அவருக்கு என் வணக்கத்தைச் சொல், ஓட்டை போட்ட பிறகு. பிள்ளைகளுக்கு என் ஆசி. எனக்கு உன் ஆசி.

இப்படிக்கு,
உன் கெட்டிக்காரத் தம்பி

பி.கு.: கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபியைக் கையில் எடுத்தேன். ஆவி நேரே மேலே போயிற்று. ஆபீஸ் காபிக்குத் தெரிந்தது அக்கா வீட்டு அடுப்புக்குத் தெரியாதா என்று உறுத்தவே, முக்கோணத்தம்மாவிடம் ஓடினேன். வலையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள். "என்னுதுல உயரம் ரெண்டாவதா வரும் சார். உங்களுதுல?" என்றார். மூன்றாவது. மாற்றித் தரும் கருவி எண்களை வந்த வரிசையிலேயே கொடுத்திருக்கிறது. உன் அடுப்படியைச் சுவர் மேல் படுக்கப் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறேன். சூடு, பாவம், ஒழுங்காக மேலேதான் போயிருக்கிறது; என் கணக்கில் மேலே இருந்தது படுக்கையறைச் சுவர். வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், வேறு தாளில் எழுத நேரமில்லை. படுக்கையறைச் சுவரைத் தொடாதே. கூரையோரமா ஒண்ணு போட்டா போச்சு. அத்தான் கேட்டால் கம்ப்யூட்டர் சொன்னது என்று சொல்.